புற்றுநோய்க்குப் பல் டாக்டர் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்
பதில் தருபவர்: சேலத்தில் புற்றுநோய் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்

சிஸ்டர், வாழப்பாடி பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. வலது கன்னத்தின் உட்புறம் புண் ஆறாமல் இருந்து, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆபரேஷன், அதன்பின் கதிர்வீச்சு என்றார்கள். சரி என்று தயாரானால், பல் டாக்டரைப் பாருங்கள், உணவு ஆலோசகரைப் பாருங்கள், பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள், மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள் என்று அலைய விடுகிறார்கள். பத்து நாள் ஓடிவிட்டது. அதற்குள் நோய் பரவிவிடாதா? புற்றுநோய்க்குப் பல் டாக்டர் எதற்கு?
– ஒரு வாசகர், வாழப்பாடி

உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் அந்தப் பத்து நாளும் வீண் போகவில்லை, தம்பி. பல் டாக்டரிடமிருந்தே தொடங்குகிறேன். நோயாளிகள் அதிகமாகத் தட்டிக்கழிப்பது அவரைத்தான்.

கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிற்பாடு அந்த இடத்தில் ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் போகலாம். எலும்பே செத்துப்போய் வாய்க்குள் துருத்திக்கொண்டு தெரியலாம். சிகிச்சை முடிந்து பல வருடங்கள் கழித்துக்கூட இது நேர்கிறது. அதனால் காப்பாற்ற முடியாத பற்களை முன்பே எடுத்து, குழி ஆற இரண்டு மூன்று வாரம் விட்டு, அதன் பிறகே கதிர்வீச்சைத் தொடங்குவார்கள். உங்கள் அப்பாவுக்கு முதலில் ஆபரேஷன் என்பதால், அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அந்தப் பற்களையும் எடுத்துவிட முடியும். எந்தெந்தப் பல் என்று சொல்ல வேண்டியவர் பல் டாக்டர். தாடையில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் படும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் கதிர்வீச்சு மருத்துவர். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிடுவது நல்லது. இவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே பேசிக்கொள்ளவில்லை என்றால், அந்த ஆறு வாரம் பல் பிடுங்குவதிலும் குழி ஆறக் காத்திருப்பதிலும் கரைந்துவிடும்.

உணவு ஆலோசகர் விஷயத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு ஓர் உறை செய்வார்கள். சிறு துளைகள் கொண்ட பிளாஸ்டிக் தகடு அது. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் துவண்டுவிடும். இரண்டு டெக்னீஷியன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படுத்திருப்பவரின் முகத்தின் மேல் இழுத்து அழுத்துவார்கள். நெற்றி, மூக்கு, தாடை, கழுத்து என்று அச்சு விழுந்து, சில நிமிடங்களில் தகடு இறுகிவிடும். அந்த உறையோடு ஸ்கேன் எடுத்து, மருத்துவ இயற்பியலாளர் கணினியில் கதிர் போகவேண்டிய பாதையை மில்லிமீட்டர் கணக்கில் வகுப்பார். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரம், அதே உறைதான். வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் நடுவில் ஏழெட்டுக் கிலோ இளைத்துவிட்டால் உறைக்குள் முகம் ஆடும். கதிர் குறி விலகும். மறுபடி உறை, மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. இப்படி இடையில் நாள் தவறினால் சிகிச்சையின் பலனும் குறைகிறது. உணவு ஆலோசகர் இப்போதே எடை பார்த்து, “முட்டை சாப்பிடுவாரா? மூக்குக் குழாய் வைக்க நேர்ந்தால் வீட்டில் யார் ஊட்டுவார்கள்?” என்று துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

மயக்க மருந்து டாக்டரை உங்கள் அப்பா விஷயத்தில் நான் தனியாகச் சொல்ல வேண்டும். பாக்கு மெல்லும் பழக்கம் நெடுநாள் இருந்தால் கன்னத்தின் உட்தோல் இறுகி, வாய் திறப்பு குறைந்துவிடும். தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பார்கள். முடியாவிட்டால் மூச்சுக்குழாயை வாய்வழி செலுத்துவது கடினம்; மூக்கு வழியாக, கேமரா பொருத்திய குழலின் துணையோடு செலுத்தத் திட்டமிட வேண்டும். ஆபரேஷன் மேசையில் படுத்த பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது. அதே மூன்று விரல் அளவைத்தான் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளரும் குறித்துக்கொள்வார். வாய் திறக்கும் பயிற்சியை இப்போதே பழகிக்கொண்டால், பின்னால் வலியோடு செய்யும்போது கை தானாகப் பழக்கத்தில் போகும்.

இவர்கள் சொன்னதெல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும். அதற்குத்தான் டியூமர் போர்டு. சர்ஜன், கீமோ தரும் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜிஸ்ட், சதையைப் பரிசோதிக்கும் நோய்க்கூறு மருத்துவர் ஆகியோர் ஒரே அறையில் கூடி ஒவ்வொரு நோயாளியாகப் பேசுவார்கள். பிரிட்டனில் 1995இல் வந்த கால்மன்–ஹைன் அறிக்கைக்குப் பிறகு அங்கே இது முறையாகவே வேரூன்றியது. நம் பெரிய மருத்துவமனைகளிலும் நடக்கிறது. நான் அந்த அறையின் ஓரத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். தாடை எலும்பைக் கொஞ்சம் சுரண்டினால் போதும் என்று சர்ஜன் நினைத்திருப்பார். ரேடியாலஜிஸ்ட் ஒரு ஸ்கேன் படத்தை நிறுத்தி, “இங்கே பாருங்கள், எலும்புக்குள் இறங்கியிருக்கிறது” என்பார். ஆபரேஷனின் அளவே மாறிவிடும். ஆபரேஷனுக்குப் பின் மறுபடி கூடுவார்கள். வெட்டிய விளிம்பில் நோய் இருக்கிறதா, கழுத்து நெறிக்கட்டியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா என்று நோய்க்கூறு மருத்துவர் சொல்வதை வைத்துத்தான் கதிர்வீச்சு மட்டும் போதுமா, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர வேண்டுமா என்பது முடிவாகும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது என்பதால் அந்தப் பரிசோதனைகளும் வரும். அப்போதும் அலைய விடுகிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

அலைச்சலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆபரேஷன் தேதி என்ன, இன்னும் யாருடைய பதில் வர வேண்டும் என்று வார்டிலோ வெளிநோயாளிப் பிரிவிலோ நேராகக் கேளுங்கள். தேதி தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பாக்கு மரம்தான் உங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்குகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அப்பா மட்டுமல்ல, தோப்பில் வேலை செய்பவர்களில் வாய் திறக்கச் சிரமப்படுபவர், வாய்க்குள் வெள்ளைத் திட்டு உள்ளவர் யாராக இருந்தாலும் ஒருமுறை வாயைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் அம்மாபேட்டையில் தறி நெய்பவள். மார்பில் கட்டி. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் கீமோ முதலில் என்கிறார். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கே போய்விடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். ஆபரேஷன் செய்தால் மறுபடி தறியில் உட்கார முடியுமா என்பதுதான் என் பயமெல்லாம்.
– ஒரு வாசகி, சேலம்

இருவரும் சொல்வது சரியாக இருக்கலாம், அம்மா. கட்டி எவ்வளவு பெரிது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, சதைப் பரிசோதனையில் ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் ஆகிய மூன்றும் எப்படி வந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. சிலவகைக் கட்டிகளை முதலில் கீமோவால் சுருக்கிவிட்டு வெட்டுவதே நல்லது. அப்படிச் செய்தால் கீமோவுக்கு முன்பே ரேடியாலஜிஸ்ட் கட்டிக்குள் ஒரு சிறு உலோக அடையாளம் வைப்பது வழக்கம். கட்டி முழுக்கக் கரைந்துபோனால் சர்ஜனுக்கு எந்த இடத்தை எடுப்பது என்று தெரிய வேண்டுமல்லவா? ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து வரும். அதற்கு முன்னும் இடையிலும் இதயத்துக்கு எக்கோ பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் இரு டாக்டர்களிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “என் கேஸை எல்லோருமாக உட்கார்ந்து பேசி, முடிவை எழுதித் தருவீர்களா?” இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடையாறுக்குத் தாராளமாகப் போகலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான இடம். டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை தன் வாழ்நாளையே கொடுத்த இடம். போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், உங்கள் சதை பதிந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் இங்குள்ள பரிசோதனைக் கூடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் மறுபடி ஊசி குத்த வேண்டிவரும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை சென்னை. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையின் சான்று வேண்டும். அங்கே திட்டம் வகுத்துக்கொண்டு கீமோவைச் சேலத்திலேயே எடுத்துக்கொள்வதும் நடக்கும். அப்போது இரண்டு ஊர் மருத்துவர்களுக்கும் இடையே கடிதம் போக வேண்டும். உங்கள் வாய்மொழி போதாது.

கைக்கு வருகிறேன். உங்களைப் போலவே நெய்பவர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தது. பிசியோதெரபிஸ்ட், சின்ன வயதுப் பெண், “வீட்டில் என்ன வேலை செய்வீர்கள்?” என்று பேச்சுவாக்கில் கேட்டதும்தான் தறி வெளியே வந்தது. செய்து காட்டச் சொன்னார். அந்த அம்மா கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, கால் இரண்டும் மாறி மாறி மிதிக்க, வலது கையால் இல்லாத கயிற்றை வெட்டி இழுத்தார். இடது கையால் ஊடையை நெருக்கித் தட்டினார். நாடா ஓடும் சத்தம் ஒன்றுதான் இல்லை. ஆபரேஷன் நடந்தது வலது பக்கம். எந்தத் தசை எத்தனை தரம் இழுபடுகிறது என்று அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சர்ஜனிடம் போய், தையலும் ரத்தநீர்க் குழாயும் எந்த அளவுக்குத் தாங்கும் என்று கேட்டு வந்தார். சுவரில் விரல்களை ஏற்றுவதில் தொடங்கிக் கயிறு இழுக்கும் அசைவு வரை வாரவாரியாக ஒரு பயிற்சி எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா தறிக்குத் திரும்பினார்; முன்பு போல ஒரே மூச்சாக அல்ல, இடையிடையே கையை உயர்த்தி ஓய்வு கொடுத்து. அக்குள் நெறிகளை எடுத்த கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வர வாய்ப்புண்டு. வளையல் இறுகுவதுபோல் தோன்றினாலே போய்க் காட்டுங்கள். முதல் நாளே, யார் கேட்காவிட்டாலும், “நான் தறி நெய்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம் குடியிருக்கிறோம். அம்மா காபித் தோட்டத்தில் வேலை செய்தவர். சேலத்துக்கு இறங்கி கீமோ போட்டுக்கொண்டு வருகிறோம். மலை ஏறும் பஸ்ஸிலேயே வாந்தி. போன முறை பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்து, காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மேலே யாரிடம் போவது?
– ஒரு வாசகி, ஏற்காடு

இனி ஒருபோதும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்பது அவசர நிலை. சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். நடுராத்திரி என்றாலும் 108ஐ அழையுங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று விடாதீர்கள். மாத்திரை சூட்டைத்தான் மறைக்கும். வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

மேலே யாரிடம் போவது என்று கேட்டீர்களே, அது கீழே உள்ள மருத்துவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அடுத்த முறை போகும்போது, “காய்ச்சல் வந்தால் மலையில் முதலில் பார்ப்பவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டது, எந்த ரத்தப் பரிசோதனை, கீழே அனுப்புவதற்கு முன்பே எந்த ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும், யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. ஏற்காடு அரசு மருத்துவமனையிலும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்போதே ஒரு நகல் கொடுத்து வையுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் அவரும் ஒருவர். நகரத்து மருத்துவமனைகள் அவரை அடிக்கடி மறந்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாந்திக்கு: இருபது கொண்டை ஊசி வளைவு நல்ல உடம்பையே புரட்டிவிடும். இந்தப் பயணத்தைப் பற்றி கீமோ வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பு போடும்படி வாந்தி மாத்திரையை மாற்றி எழுதித் தருவார்கள். முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கல் தரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தொண்டையில் ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. போதுமா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

போதாது. ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. நம் ஊர்ப் பொருள் என்பதால் எனக்கும் பிடிக்கும், ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும். கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சி, பால் பவுடரும் நைசாக அரைத்த நிலக்கடலையும் சேருங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உணவு ஆலோசகரைக் கேட்காமல் எதையும் கூட்ட வேண்டாம். விழுங்கும்போது இருமுகிறார் என்றால் உடனே மருத்துவமனையில் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் நர்ஸிடம் கேளுங்கள், பார்மசியில் கேளுங்கள் என்கிறார்கள். பெரிய டாக்டரிடம் சொன்னால்தானே வேலை நடக்கும்?
– ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பெரிய டாக்டர் ஒரு நாளில் உங்களைப் பார்ப்பது சில நிமிடங்கள். வார்டில் தட்டு எடுக்கும் அம்மா ஒருவர் எங்களிடம் வந்து, “மூன்றாவது கட்டில் பெரியவர் இட்லியைச் சாப்பிடவில்லை, பிளாஸ்டிக் பைக்குள் ஒளித்து வைக்கிறார்” என்றார். சாப்பிட்டேன் என்றுதான் அவர் எங்களிடம் சொல்லிவந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால், நாக்கு முழுக்கப் புண். வலியைச் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அன்றே வாய் மரத்துப்போகும் மருந்தும் வலி மாத்திரையும் மாறின. மூக்குக் குழாய் இல்லாமலே மீதி நாட்களை முடித்தார்.

பார்மசிஸ்டைப் பற்றியும் சொல்கிறேன். இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் கெப்பிசிட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரை சேர்ந்தால் ரத்தம் உறைவது கெட்டு, உள்ளே கசிய ஆரம்பிக்கலாம். இதய டாக்டர் ஓர் இடத்தில், புற்றுநோய் டாக்டர் ஓர் இடத்தில். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்ப்பவர் பல சமயம் மருந்து கொடுப்பவர் ஒருவர்தான். ஆகவே நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து, லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் அவர் முன் கொட்டுங்கள். திட்டுவார்களோ என்று எதையும் மறைக்காதீர்கள்.

அம்மாவை வலி தணிப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அர்த்தமா? மார்ஃபின் கொடுக்கிறார்கள், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மேட்டூர்

கைவிட்டுவிட்டதாக எண்ணாதீர்கள், கண்ணு. 2010இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்புக் குழுவின் கவனிப்பையும் பெற்றவர்கள், மற்றவர்களைவிட நிம்மதியாகவும் இருந்தார்கள், சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். கடைசி நேரத்துக்கு மட்டும் உரிய பிரிவல்ல அது. கீமோ நடக்கும்போதே அங்கே போகலாம்.

மார்ஃபினை மருத்துவர் சொன்ன அளவில், கடிகாரம் பார்த்துக் கொடுத்தால் பயம் வேண்டாம். வலிக்காகச் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அரிது. கூடவே மலமிளக்கி தினமும் வேண்டும். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கமும் இருக்கும். அளவுக்கு மீறித் தூங்கினாலோ மூச்சு மெதுவானாலோ உடனே அழைக்க வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இந்த மாத்திரை கிடைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. தீர்ந்துபோன அன்று ஓடாமல், ஒரு வாரம் மீதி இருக்கும்போதே போய் வாங்குங்கள்.

அம்மா படுக்கையாகிவிட்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் முதல் தடவை வரும்போது, எந்த நேரம் வலி கூடுகிறது, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள். ராத்திரியில் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். அதை அவர்கள் உங்களிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.